டொக்யாட் வீதியில் ஒரு பழைய வீடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

கோணேசர் கோயிலுக்கு என்று திருகோணமலை வருகிறவர்கள் அநேகமாக ஒரே தடத்தில்தான் போய்த் திரும்புகிறார்கள். காலையில் கோயில், மதியம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னேரம் நிலாவெளிக் கடல், இரவு பஸ். கோட்டை வாசலுக்கு நடை தூரத்தில், டொக்யாட் வீதிப் பக்கம் நிற்கிற பெரிய மாடி வீட்டை ஓட்டோவில் இருந்தபடியே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். "அது என்ன கட்டடம்?" என்று கேட்பார்கள். ஓட்டோத் தம்பி "நேவி மியூசியம்" என்பார். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

நான் இந்த ஊர்க்காரி. வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர்களை வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆரம்பத்தில் அவர்களை நேரே கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பத்து நிமிஷத்தில் சலித்துப் போனார்கள். பிறகுதான் முறையை மாற்றினேன்: முதலில் வீட்டைப் பார்ப்பது, பிறகு வீட்டுக்குள் இருப்பதைப் பார்ப்பது. அங்கே இருக்கிற பொருட்களில் மிகப் பெரியது அந்த வீடுதான். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகப் பேசத் தொடங்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முறையைத்தான் சொல்கிறேன்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியது

இது ஒல்லாந்தர் காலத்து வீடு. கடற்படை ஆணையராக இருந்தவர் குடியிருந்த இல்லம் என்பது இதன் பழைய அடையாளம். ஆங்கிலேயர் காலத்தைத் தாண்டி, சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கக் கந்தோராகவும் இருந்து, இடையில் கவனிப்பில்லாமல் சிதைந்தும் கிடந்தது. நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்தப்பட்டு, 2013இல் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பராமரிப்பது இலங்கைக் கடற்படை.

ஒல்லாந்தர் என்றதும் நமக்குக் கோட்டையும் பீரங்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இங்கே வந்தது ஒரு ராசா அனுப்பிய படை அல்ல. 1602இல் நெதர்லாந்து வியாபாரிகள் பங்குப் பணம் போட்டுத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பனிதான் வந்தது. படை வைத்திருக்கவும், கோட்டை கட்டவும், அரசர்களோடு உடன்படிக்கை எழுதவும் அதற்கு அங்குள்ள அரசு அதிகாரம் கொடுத்திருந்தது. அதன் உத்தியோகத்தரின் பதவிப் பெயர்களே மேல்வியாபாரி, வியாபாரி, கீழ்வியாபாரி என்றுதான் இருந்தன. கணக்குப் புத்தகத்தையும் துவக்கையும் ஒரே கையில் பிடித்திருந்த வியாபாரிகள் அவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்தால், அது மாளிகையாகத் தெரியாது. ஒரு பெரிய வியாபார நிறுவனம் தன் ஆளுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் என்று விளங்கும்.

இன்னொன்றையும் விளங்கிக்கொண்டு போங்கள். கறுவா தெற்கிலும் மேற்கிலும் விளைந்தது. அப்படியிருக்க, இந்த வியாபாரிகளுக்குத் திருகோணமலை எதற்கு? காற்றுக்காகத்தான். 1658 முதல் நாகப்பட்டினமும் கம்பனியின் கையில் இருந்தது. ஆனால் சோழமண்டலக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் பெரிய கப்பல் ஒதுங்கப் பாதுகாப்பான இடம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் நங்கூரம் போட்டு நின்றால் கரையில் மோதிச் சிதற வேண்டியதுதான். நமது துறைமுகமோ மலைகள் சுற்றி வளைத்த ஆழமான குடா. வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே நீர் அடங்கிக் கிடக்கும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஊருக்காக மாறி மாறி அடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு நான் ஐந்து விரல்களில் ஐந்து ஆண்டுகளைச் சொல்லிக் கொடுப்பேன். நீங்களும் பஸ்ஸில் வரும்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம். பெருவிரல் 1624, கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கீசர் கோட்டை கட்டிய ஆண்டு. சுட்டுவிரல் 1639, ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்த ஆண்டு. (அடுத்த ஆண்டே கண்டி அரசனிடம் கொடுத்துவிட்டு, 1665இல் திரும்பி வந்து நிலையாக இருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அதையும் சொல்லலாம்.) நடுவிரல் 1782. அந்த ஒரே வருடத்தில் ஊர் இரண்டு தடவை கைமாறியது. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் பறித்தார், செப்டம்பர் 3ஆம் திகதி இரண்டு கப்பற்படைகளும் வெளிக்கடலில் மோதின. சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கே வந்தது. மோதிரவிரல் 1795, ஆங்கிலேயர் வந்து நிலைத்த ஆண்டு. சின்னிவிரல் 1942, ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஆண்டு. இவ்வளவு போதும். உள்ளே எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எந்த விரலுக்கு உரியது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நாளும் நேரமும்

மார்கழி, தை மாதங்களில் இங்கே மழை பிடித்தால் விடாது. சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும், ஆனால் வெயில் கொல்லும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது பத்து மணிக்கே வீதியில் நடக்க முடியாது. அதனால் வெயில் காலத்தில் இப்படி ஒழுங்கு செய்யுங்கள்: காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணியளவில் அந்த வீட்டுக்குள் போய்விடுங்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வெயிலில் இருந்து உங்களைக் காக்கும். கோட்டையையும் கோயிலையும் பின்னேரத்துக்கு வையுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் பூட்டியிருப்பது நூதனசாலைகளின் வழக்கம். அரச விடுமுறை நாளிலும் போயா நாளிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. முதல் நாளே தங்குமிடத்தில் கேளுங்கள், அல்லது அந்தப் பக்கம் போகும்போது வாசலில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஒருமுறை வேறொரு ஊரில், மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போய், பூட்டிய வாசலில் அம்மாவோடு நின்றிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இருந்தார். அன்றிலிருந்து கேட்காமல் எங்கும் போவதில்லை.

நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அரை மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால் கீழே நான் சொல்லும் விறாந்தைப் பகுதியை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். மிச்சத்தை அடுத்த முறை பார்க்கலாம்.

வழி

பஸ் நிலையத்தில் இருந்தோ புகையிரத நிலையத்தில் இருந்தோ ஓட்டோ பிடிக்கலாம். "டொக்யாட் வீதி நேவி மியூசியம், கோட்டைக்குக் கிட்ட" என்று முழுதாகச் சொல்லுங்கள். "கிட்ட" என்பதை விடவே கூடாது, ஏனென்றால் ஊரில் கடற்படையின் இன்னொரு அருங்காட்சியகமும் உண்டு. அது கடற்படைத் தளத்துக்கு உள்ளே, ஒஸ்டென்பேர்க் மலையில் இருக்கும் ஹூட்ஸ் டவர். அங்கே காவல் வாசலில் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தளத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

நடக்கக் கூடியவர்கள் நடந்தே போங்கள். பஸ் நிலையப் பக்கமும் வீதியோரத்திலும் புள்ளிமான்கள் திரியும். ஊருக்குப் புதியவர்களுக்கு அது பெரிய அதிசயம், எங்களுக்கு மாடு மாதிரி. பொலித்தீன் பையோடு அவற்றுக்குச் சாப்பாடு போடாதீர்கள். பையையும் சேர்த்து விழுங்கிவிட்டு வயிறு அடைத்துச் செத்துப் போகின்றன.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், கட்டணம் கேட்டால் கொடுக்கச் சில்லறை, ஒரு சிறு கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், மை தெறித்தால் பழைய பொருளில் இருந்து அதை எடுக்க முடியாது. படம் எடுக்கலாமா என்று வாசலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷை நிறுத்திவிடுங்கள். ஃபோனைக் கடற்படைக் காவலர் பக்கம் திருப்பாதீர்கள். சிங்களம் பேசத் தெரியாதே என்று தயங்கத் தேவையில்லை. சிரித்துக்கொண்டு கேட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் கையாலேயே காட்டிவிடுவார்கள்.

உள்ளே போகாதீர்கள், முதலில் சுற்றி வாருங்கள்

வாசலுக்குப் போனதும் பலரும் நேரே கதவுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பத்து நிமிஷம் பொறுங்கள். வீட்டை வெளியே இருந்து பாருங்கள், முடிந்த அளவுக்குச் சுற்றி நடவுங்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள். இந்தக் காலத்து வீடுகள் சீமெந்தும் கம்பியும் தாங்கி நிற்பவை. கம்பி வராத காலத்தில் மாடியைத் தாங்கச் சுவர்தான் தடிக்க வேண்டியிருந்தது. ஒரு யன்னல் பக்கமாக நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள். வவுனியாவில் இருந்து வந்த என் மருமகன் யன்னல் ஓரத்தில் கையை நீட்டிப் பார்த்தான். முழங்கை வரை சுவரின் கனத்துக்குள்ளேயே நின்றது. "மாமி, இது சுவரா, மதிலா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வெயில் அவ்வளவு கனத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது பட்டுவிடும். மின்விசிறி இல்லாத காலத்தில் அவர்கள் பிழைத்த வழி அது.

அடுத்தது பூச்சு. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசினார்கள். கரையோரத்தில் நாங்கள் எல்லோரும் அறிந்த தொல்லை உவர். கடல் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் ஏறி, காயும்போது வெள்ளையாகப் பூத்து, பூச்சைத் தள்ளி உதிர்த்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பூச்சு கொஞ்சம் உதிர்ந்தாலும் கல் பிழைக்கும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, கல்லையே தின்றுவிடும். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை உரத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்: அம்மம்மா காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு "உறுதியாக இருக்கட்டும்" என்று சீமெந்து பூசாதீர்கள். உறுதி போய்விடும். எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரை அப்படித்தான் இழந்தோம்.

பிறகு நிமிர்ந்து கூரையையும் தூண்களையும் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் ஏன் இத்தனை தூண்கள், ஏன் இவ்வளவு அகன்ற விறாந்தை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அழகுக்கு என்பார்கள். அழகு இரண்டாவது. ஐரோப்பாவில் வீடு குளிருக்காகக் கட்டப்பட்டது, அங்கே யன்னலால் வெயில் உள்ளே வர வேண்டும். இங்கே வெயில் சுவரில் படாமல் இருக்க வேண்டும், மழைச் சாரல் யன்னலுக்குள் வராமல் இருக்க வேண்டும். அதற்காக வீட்டைச் சுற்றி நிழலைக் கட்டினார்கள். அந்த வித்தையை அவர்கள் இங்கிருந்த வீடுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். நமது திண்ணையும் தாழ்வாரமும் அதற்கு முன்னரே இங்கே இருந்தவை.

விறாந்தையில் ஒரு விளையாட்டு

இப்போது விறாந்தைக்கு ஏறுங்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் ஆட்களை நிறுத்தி ஒரு விளையாட்டு விளையாடுவேன். பெரியவர்களுக்கும் பிடிக்கும்.

"நாங்கள் நிற்பது எங்கே?" விறாந்தை. "அது?" யன்னல். "அந்தக் காலத்தில் இங்கே குடியிருந்த ஆணையர் எதில் இருந்திருப்பார்?" கதிரை. "எதில் எழுதியிருப்பார்?" மேசை. "உடுப்பை எங்கே வைத்திருப்பார்?" அலுமாரி. "எங்கே சமைத்திருப்பார்கள்?" குசினி. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள்: இத்தனையும் போர்த்துக்கேயம். 1624இல் கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள், அவர்களின் தளபாடமெல்லாம் எங்கள் வாயில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு ஒல்லாந்தரின் முறை. மேசைக்குக் கீழே இழுக்கிற லாச்சி அவர்களுடைய சொல். ஊரில் இன்றும் வயதானவர்கள் "கந்தோருக்குப் போறன்" என்றால், அந்தக் கந்தோரும் அவர்கள் சொல்தான். கையில் இருக்கும் துட்டும் கம்பனியின் செப்புக் காசின் பெயர். கொல்லைப்புறத்துக் கக்கூசும் அவர்களுடையது. பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். கவனித்தீர்களா, போர்த்துக்கேயர் விட்டுப்போனவை வீட்டுச் சொற்கள். ஒல்லாந்தர் விட்டுப்போனவை லாச்சி, கந்தோர், துட்டு. கணக்கு எழுதுகிற ஆட்களின் சொற்கள்.

கடைசியாக ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்தவர் யார்? தண்ணீர் அள்ளியவர் யார்? சமைத்தவர் யார்? கம்பனி ஆட்களின் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். தென்னிந்தியக் கரைகளில் இருந்தும் கிழக்குத் தீவுகளில் இருந்தும் விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். பஞ்ச காலத்தில் சோழமண்டலக் கரையில் விற்கப்பட்ட பலர் தமிழ் பேசியவர்கள். எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முன் மண்டபத்தைப் பார்த்துவிட்டு மனதால் பின் பக்கமும் ஒரு தடவை போய் வாருங்கள். முன் பக்கத்தில் இருந்தவர்களின் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பின் பக்கத்தில் இருந்தவர்களை நாங்கள்தான் கேட்டு நினைக்க வேண்டும்.

கீழ்த் தளம்

உள்ளே கீழ்த் தளத்தில் இந்தப் பகுதியின் இயற்கை, மக்கள், கடல்வழி வந்த பயணிகள் பற்றிய பகுதிகளைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். ஓர் அறைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள், கொப்பியில் வரையுங்கள், பிறகு அடுத்த அறை.

பயணிகளைப் பற்றிப் படிக்கும்போது எங்கள் பக்கத்தோடு தொடுத்துப் படியுங்கள். ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொடியனைக் கண்டி அரசனின் ஆட்கள் 1660இல் பிடித்தது இங்கே எதிரே இருக்கும் கொட்டியாரக் குடாவில்தான். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்து, தகப்பனோடு சேர்ந்து பிடிபட்டான். பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் வன்னிக் காடு வழியே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அந்தக் குடாக் கரையில் இருக்கும் மூதூர் ஆட்களோடு போகிறீர்கள் என்றால் இதைச் சொல்லுங்கள், உடனே நெருக்கமாகிவிடுவார்கள்.

மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் இலங்கை வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து விருந்தாளியாக இருந்தவர். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள் இருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனாவில் இருந்து இந்தக் கடலுக்கு வந்தவருக்கும் தமிழில் எழுத வேண்டிய தேவை இருந்தது என்றால், அன்றைய துறைமுகங்களில் எந்த மொழி நடமாடியது என்று யோசியுங்கள். எனக்கு அந்தக் கல்லை நினைக்கும் போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

எங்கே பழைய காசு, பீங்கான், பீரங்கி கண்டாலும் கம்பனியின் முத்திரையைத் தேடுங்கள். பெரிய 'வி' எழுத்து, அதன் இரண்டு கைகளிலும் ஒரு 'ஓ', ஒரு 'சி'. பிள்ளைகளிடம் "முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்பழம்" என்று சொன்னால் போதும், அறை அறையாகத் தேடுவார்கள்.

மேல் தளம்

மேலே கடற்படை, போர்க்காலப் பொருட்கள், கப்பல் ஓட்டும் கருவிகள். இவற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள், நான் இழுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு விஷயத்துக்கு மட்டும் நில்லுங்கள்: 1942 ஏப்ரல் 9.

அன்று காலை ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் பக்கத்துச் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அதே நாள் ஹேர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் அப்பாச்சி அதைத் திகதியாகச் சொல்ல மாட்டார், "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்பார். அடுப்பில் இருந்த பானையை அப்படியே விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கன்னியாப் பக்கம் நடந்த கதை அவருடையது. திரும்பி வந்தபோது பானை இருந்ததாம், சோறு கரியாகியிருந்ததாம். உங்கள் குடும்பத்திலும் டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்தில், வேலை செய்த ஒருவர் இருந்திருக்கலாம். போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அந்தக் கதையோடு மேல் தளத்துக்கு ஏறினால், அங்கே இருக்கும் இரும்புக்கெல்லாம் முகம் வந்துவிடும். ஆங்கிலேயர் இந்த ஊர்க் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். அதுவரை ஊரின் பாதிச் சம்பளம் டொக்யாட்டில் இருந்துதான் வந்தது என்று அப்பாச்சி சொல்வார்.

இறங்குமுன் மேல் விறாந்தைப் பக்கம் போக விட்டால் ஒரு நிமிஷம் நின்று காற்றை வாங்குங்கள். வீட்டை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்று உடம்பே சொல்லும்.

பிள்ளைகளும் வயது போனவர்களும்

முழங்கால் வலி உள்ளவர்கள் மாடி ஏற வேண்டாம், கீழ்த் தளமும் விறாந்தையுமே போதும். பிள்ளைகளிடம் "தொடாதே" என்று நூறு தடவை சொல்வதை விட, கையில் கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். பீரங்கியில் ஏற விடாதீர்கள். வெயிலில் கிடந்த இரும்பு தொடையைச் சுட்டுவிடும், அதுவே போதுமான காரணம்.

வருகையாளர் புத்தகம் இருந்தால் தமிழில் எழுதுங்கள். "நன்று" என்று கையொப்பம் போட்டுவிட்டு வராதீர்கள். எது பிடித்தது, எதைப் பற்றி இன்னும் தெரிய வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். எங்கே போனாலும் தமிழ் விளக்கப் பலகையில் பிழை கண்டால் பண்பாகத் திருத்தத்தையும் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து முகநூலில் கோபப்படுவதால் ஓர் எழுத்தும் மாறாது. தமிழில் படிக்க ஆட்கள் வருகிறார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் தெரிந்தால்தான் தமிழ்ப் பலகைகள் கூடும்.

வெளியே வந்த பிறகு

மதியத்துக்கு ஊருக்குள் போய்ச் சாப்பிடுங்கள். வெயில் தாழ்ந்ததும், பழைய கட்டடங்களில் ருசி பிடித்தவர்கள் மைதானத்துப் பக்கம் இருக்கும் பழைய ஆங்கிலேய மயானத்தைப் பார்க்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தவர். கல்லறைக் கற்களில் எழுதியிருக்கும் வயதுகளைப் படித்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயதில் காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேர்.

நாலரை மணிக்குக் கோட்டைக்கு நடவுங்கள். ஆங்கிலேயர் 1803இல் இதற்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, கோயிலுக்குப் போகும் வீதி எல்லோருக்கும் திறந்திருக்கும். வாசலில் அவசரப்பட வேண்டாம். காலையில் ஒரு வீட்டின் சுவரைப் பார்க்கப் பழகிய கண் இப்போது உங்களிடம் இருக்கிறது. அதே கண்ணால் வாசல் நிலைக் கல்லைப் பாருங்கள். இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும், அருகே தேய்ந்த தமிழ் எழுத்துகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கும் பாட்டு இந்தக் கல்லோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. குளக்கோட்டன் என்பவர் கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன். அது கோட்டைக்காக வெட்டிய கல் அல்ல. கோயிலில் இருந்து வந்த கல். காலையில் பார்த்த வீட்டில் வெயிலுக்கும் உவருக்கும் கணக்குப் பார்த்து வைத்த சுவர்களைக் கண்டோம். இங்கே இன்னொருவரின் வழிபாட்டிடத்தைப் பிரித்து அடுக்கிய சுவர் நிற்கிறது. ஆள் வராத நேரம் பார்த்து எதிர்ப் பக்கம் நின்றால் மாலை வெளிச்சம் எழுத்தின் பள்ளங்களில் விழும், ஓரளவு படிக்கலாம். விரலால் தடவாதீர்கள். ஏற்கெனவே மழையும் உப்புக் காற்றும் பாதியைத் தின்றுவிட்டன.

வழியில் வெலிங்டன் பிரபுவாகப் பின்னர் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி தங்கியிருந்த வீடும் இருக்கிறது. அந்த வீட்டின் விறாந்தையையும் காலையில் பார்த்த விறாந்தையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே ஏறிப் போனால் மாலைப் பூசைக்கு மணி அடிக்கும் நேரத்துக்குக் கோணேசரிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால், அடுத்து கொழும்புக்குப் போகும்போது புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கும் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்துக்கு, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, போங்கள். ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரே குடியிருந்த வீடு, 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புறக்கோட்டை இரைச்சலுக்கு நடுவே உள்முற்றம் வைத்த வீடு. அதைப் பார்த்ததும் எங்கள் நாற்சார் வீடுகள் நினைவுக்கு வரும். அங்கேயும் உள்ளே நுழையுமுன் வெளியே நின்று முதலில் சுவரைப் பாருங்கள்.